கேடட் பைப் பேண்ட்: ஆரம்ப வகுப்பிலிருந்து தொடங்குங்கள்

கனடாவில் தரை, கடல், வான் என மூன்று கேடட் (இளையோர் பயிற்சி) பிரிவுகளிலும் 12 வயதில் சேரலாம். 19 வயது நிறைந்தால் வெளியேறியாக வேண்டும். பைப் பேண்ட் ஒன்று தொடங்கித் தாருங்கள் என்று ஒரு கேடட் பிரிவு உங்களைக் கேட்டால், முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். விரல் துளைகள் உள்ள சுரக்குழலான சான்டரைக் கையில் எடுக்கும் பிள்ளை அணிவகுப்பில் தெம்பாக ஊத இரண்டு ஆண்டாவது பிடிக்கும். 15 வயதில் தொடங்கியவர் கைதேர்ந்து நிற்கும் நேரத்தில் விடைபெற்றுப் போய்விடுவார். எனவே பேண்ட் எவ்வளவு நன்றாக ஊதினாலும், ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக ஓர் ஆரம்ப வகுப்பு நடந்தே தீர வேண்டும். ஓராண்டு விட்டுவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. மூன்று ஆண்டு கழித்து வரிசையில் ஓட்டை விழும்.

பயிற்றுநராக நுழைய இரண்டு வழி உண்டு: கேடட் பயிற்றுநர் பிரிவில் அதிகாரியாகச் சேரலாம், அல்லது சிவிலியன் இன்ஸ்ட்ரக்டராக இருக்கலாம். இரண்டுக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு கட்டாயம். முழுநேரப் பிழைப்பாக இதை நம்ப வேண்டாம். வாரத்தில் ஓரிரு மாலை வேலை.

முதல் ஆண்டு முழுக்க, பை இல்லாமல் ஊதிப் பழகும் பிராக்டிஸ் சான்டர்தான். பிளாஸ்டிக்கில் நீளமானதாக வாங்குங்கள். பேக்பைப்பில் ஒன்பதே சுரங்கள். நடுவில் காற்றை நிறுத்த முடியாது என்பதால், ஒரே சுரத்தை இருமுறை ஊத வேண்டுமென்றாலும் இடையில் கணப்பொழுதே ஒலிக்கும் ஒரு கிரேஸ் நோட் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். பிள்ளைகள் தடுக்கி விழும் முதல் இடம் 'டி'யிலிருந்து 'ஈ'க்குப் போவது. கீழ்க்கை விரல்கள் மூன்று மூட வேண்டும், அதே கணத்தில் மேல்கை மோதிர விரல் எழ வேண்டும். கீழ்க்கை ஒரு நொடித்துளி முந்தினாலும் நடுவில் ஒரு தாழ்ந்த சுரம் பிசிறடிக்கும். அந்தப் பிசிறைக் கேட்டால் உடனே நிறுத்தி, அந்த இரண்டு சுரத்தை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்ப ஊதச் சொல்லுங்கள். 'ஸ்காட்லாந்து த பிரேவ்' அதுவரை காத்திருக்கட்டும். பெற்றோர் பாட்டுதான் கேட்பார்கள், கொஞ்சம் சமாளியுங்கள்.

பைப்புக்கு மாறும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் மூன்று டிரோன் குழல்களையும் தக்கையால் அடைத்து, பையும் சான்டரும் மட்டும். பிறகு ஒரு டெனர் டிரோன், அடுத்து இன்னொன்று, கடைசியில் பேஸ். நிறத்தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக்குழாய் மானோமீட்டர் ஒன்று வைத்திருங்கள். மூச்சு விட்டு, கையால் பையை அழுத்தும்போது தண்ணீர் மட்டம் ஆடுவதைப் பார்த்தால், சுருதி ஏன் ஆடுகிறது என்பதைப் பிள்ளையே புரிந்துகொள்ளும். சீவாளி இலகுவாக இருக்கட்டும். பெரியவர்களுக்கான முரட்டுச் சீவாளியைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் உதடு சோர்ந்து, பிள்ளைக்கு ஆசையே போய்விடும்.

சுருதி சேர்ப்பது ஒருவர் கையிலேயே இருக்கட்டும். சீவாளியை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும். ஒரு சுரம் மட்டும் ஏறி நின்றால் அதன் துளையின் மேல்விளிம்பில் டேப் ஒட்டி இறக்கலாம். நவம்பர் 11 நினைவு நாள் அணிவகுப்பு வெளியில், குளிரில் நடக்கும். கட்டடத்துக்குள் சேர்த்த சுருதி அங்கே தாங்காது. வெளியே ஊதிப் பார்த்துச் சேருங்கள். உள்ளே பயிற்சி செய்யும்போது காதடைப்பான் எல்லோருக்கும் கட்டாயம். ஒலி 100 டெசிபலைத் தாண்டும்.

டிரம் பிள்ளைகளுக்கு இவ்வளவு காத்திருப்பு இல்லை. பேடும் குச்சியும் கொடுத்தால் முதல் மாலையே ரோல் தொடங்கலாம். ஸ்னேர், டெனர், பேஸ் மூன்றிலும் பேஸ் டிரம்முக்கு நிதானமான பிள்ளையைப் போடுங்கள்; நடையின் வேகம் அவர் கையில். பைப்பர்களுக்கு முன்பே இவர்கள் அணிவகுப்புக்குத் தயாராகிவிடுவார்கள். டிரம் மட்டும் அடித்துக்கொண்டு நடப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வாத்தியம் வாங்குவதில் அவசரம் வேண்டாம். யாராவது பழைய பைப் நன்கொடை தந்தால், யானைத் தந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். 2014-இல் கனடாவில் போட்டி முடித்துத் திரும்பிய இரண்டு அமெரிக்க இளைஞர்களின் பைப்புகளை எல்லையில் பறித்தார்கள், தந்தம் இருந்ததால்தான். பல பிள்ளைகள் புழங்கும் பைப்புக்குச் சுத்தம் உயிர்ப்பிரச்சினை. பைப்பின் உள்ளே வளர்ந்த பூஞ்சையால் நுரையீரல் பாதித்து இங்கிலாந்தில் ஒருவர் இறந்ததை 'தோராக்ஸ்' மருத்துவ இதழ் 2016-இல் வெளியிட்டது. ஊதுகுழல் ஆளுக்கு ஒன்று. ஊதி முடித்ததும் துடைத்து, பிரித்துக் காயவிடுவது வகுப்பின் பகுதி. வீட்டில் செய்துகொள்ளட்டும் என்று விட்டால் நடக்காது.

போட்டி? ஒன்டாரியோவில் கிரேடு 5 தொடக்க நிலை; மேக்ஸ்வில்லில் நடக்கும் கிளெங்கேரி விளையாட்டு விழாவைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வரலாம். ஆனால் முதல் இரண்டு ஆண்டு மேடை ஏறாதீர்கள். நடுவர் தாளில் வரும் திட்டு, கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பேண்டை விட்டே விரட்டிவிடும்.

17 வயது கேடட் ஒருவரை, பேண்டை நடத்தும் பைப் மேஜராக்குங்கள். அவர் தலையாய வேலை முன்னால் நடப்பதல்ல, ஆரம்ப வகுப்பில் சுரம் சொல்லித் தருவது. வயதாகி விடைபெறுபவரின் பைப்பை ஜூனிலேயே வாங்கி, மூட்டில் சுற்றிய நூலையும் பையையும் சரிபார்த்து, அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கோடை முழுக்க அலமாரியில் பூட்டிக் கிடந்தால் நூல் காய்ந்து மூட்டெல்லாம் காற்று ஒழுகும்.