மலையைக் கட்டிய புல்

வட இந்தியக் கிராமங்களில் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் கிடக்கும். பெரியவர்கள் அதில் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தக் கயிறு எதனால் ஆனது? தென்னை நாரா? இல்லை. அந்தப் பக்கம் தென்னை ஏது? பல ஊர்களில் அது புல்லால் திரித்த கயிறு.

அந்தப் புற்களில் ஒன்றுதான் பாப்பர் புல். யாரும் விதைக்காமல் மலைச்சரிவில் தானாக முளைக்கும் காட்டுப் புல் இது. ஒடிசாவில் இதைச் சபாய் புல் என்பார்கள். தாவர நூலில் இதன் பெயர் யூலாலியாப்சிஸ் பைனாட்டா.

இந்தப் புல் கயிறு மட்டும் தருவதில்லை. மண்ணையும் காக்கிறது. ஒரு கிராமத்தின் வாழ்வையே மாற்றியது. அது எப்படி என்று பார்ப்போம்.

எங்கே வளர்கிறது?

இமயமலையின் அடிவாரத்தில் சிவாலிக் குன்றுகள் இருக்கின்றன. இமாச்சலப் பிரதேசம், பஞ்சாப், அரியானா, உத்தராகண்ட் மாநிலங்களில் இவை நீண்டு கிடக்கின்றன. பாப்பர் புல் இங்கே ஏராளம். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்திலும் இந்தப் புல் உண்டு. அங்கே பெண்கள் இதில் கயிறு திரித்துப் பிழைக்கிறார்கள். நேபாளத்திலும் சீனாவிலும் கூட இது வளர்கிறது.

சிவாலிக் குன்றுகள் கெட்டிப் பாறை அல்ல. மணல், களிமண், கூழாங்கல் எல்லாம் கலந்த பொலபொலப்பான மண். ஆண்டு மழையில் பெரும்பகுதி சூலை முதல் செப்டம்பர் வரை மூன்று மாதத்தில் கொட்டிவிடும். மூடாத மண்ணில் இந்த மழை விழுந்தால் குன்றே கரைந்து ஓடும். அப்படி ஓடும் காட்டாற்றை அங்கே 'சோ' என்கிறார்கள். சோ அரிப்பைத் தடுக்கப் பஞ்சாபில் 1900ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டார்கள். அவ்வளவு பெரிய தொல்லை அது.

எப்படி இருக்கும்?

பாப்பர் புல் தூர் தூராக வளரும். ஒரு தூரில் பல தாள்கள் நெருக்கமாக நிற்கும். இலை ஒல்லியாக, நீளமாக இருக்கும். இலையின் ஓரங்கள் உள்பக்கம் சுருண்டிருக்கும். இலை சுருண்டால் வெயிலில் ஈரம் குறைவாகவே போகும். தூரின் அடியில் பஞ்சு போல வெண்மையான மயிர் மூடியிருக்கும். இந்தப் புல்லை அடையாளம் காண இது ஒரு நல்ல குறி. பூக்கதிர்கள் தாளின் நுனியில் இரண்டாகவோ, மூன்று நான்காகவோ பிரிந்திருக்கும்.

நெல்லும் கேழ்வரகும் ஒருமுறை கதிர் விட்டால் காய்ந்துவிடும். பாப்பர் புல் அப்படி அல்ல. இது பல்லாண்டு வாழும் புல். கோடையில் மேலே காய்ந்து கிடக்கும். ஆனால் அடித்தூர் உயிரோடு இருக்கும். மழை விழுந்ததும் மறுபடி துளிர்க்கும். தூரைப் பிரித்து நட்டாலும் பிழைக்கும்.

மண்ணுக்குள் இதன் சல்லிவேர்கள் வலை போலப் பரவும். அந்த வலை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மேலே உள்ள இலைகள் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கும். தண்ணீர் மெதுவாக மண்ணுக்குள் இறங்கும்.

இளசாக இருக்கும்போது இது மாட்டுக்குத் தீவனம். முற்றினால் நார் உறுதியாகும். அப்போது கயிறு திரிக்கலாம். காகித ஆலைகளும் இதை வாங்கிக் கூழாக்கின.

புல் ஏன் அழிந்தது?

புல்லுக்கு இலைதான் சமையலறை. இலை செய்யும் உணவுதான் வேருக்குப் போகிறது. அளவாக அறுத்தால் புல் சாகாது. துளிர்க்கத் துளிர்க்க ஆடு கடித்தால் என்ன ஆகும்? வேருக்கு உணவு இல்லை. தூர் செத்துப்போகும். அப்புறம் மண் ஓடும்.

சண்டிகர் நகரில் 1958இல் சுக்னா ஏரியை உண்டாக்கினார்கள். 1970களின் நடுவில் ஏரியில் பாதிக்கும் மேல் மண் நிறைந்துவிட்டது. இந்த மண் எங்கிருந்து வருகிறது? பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள அறிஞரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஓடை வழியே மேலே போய்ப் பார்த்தார்கள். சுகோமாஜ்ரி என்ற சிறு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே குன்றுகள் மொட்டையாக இருந்தன.

ஊராரைக் குறை சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் நிலை என்ன? வயலுக்குப் பாசனம் இல்லை. மழை பொய்த்தால் விளைச்சலும் இல்லை. ஆடுதான் கைப்பணம். ஆட்டை மலையில் விடாமல் வேறு எங்கே விடுவார்கள்?

ஊர் எடுத்த முடிவு

1976இல் அங்கே ஒரு சிறு மண் அணை கட்டினார்கள். மழைநீர் தேங்கியது. வயலுக்குப் பாய்ந்தது. கோதுமை நன்றாக விளைந்தது. ஆனால் அணைக்குக் கீழே நிலம் இருந்தவர்களுக்கு மட்டுமே பலன். மற்றவர்கள் ஏன் மேய்ச்சலை விட வேண்டும்? நிலமே இல்லாதவர்களுக்கு இதில் என்ன கிடைக்கும்?

நியாயமான கேள்வி. ஊர் கூடிப் பேசியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தண்ணீரில் சம பங்கு என்று முடிவானது. நிலம் இல்லாதவருக்கும் பங்கு உண்டு. அவர் தம் பங்கை மற்றவருக்கு விற்கலாம். அதற்குப் பதிலாக யாரும் மலையில் ஆடு மாடு மேய விடக்கூடாது. முள்வேலி போடவில்லை. ஊர்க் கட்டுப்பாடே வேலி ஆனது.

சில ஆண்டுகளில் பாப்பர் புல் திரும்பி வந்தது. ஆடுகள் குறைந்தன. எருமைகள் கூடின. புல்லை அறுத்து வந்து வீட்டிலேயே போட்டார்கள். பால் பெருகியது. ஏரிக்கு ஓடும் மண்ணும் வெகுவாகக் குறைந்தது.

மலை வனத்துறைக்குச் சொந்தம். முன்பு புல்லைக் குத்தகைக்காரர்கள் ஏலம் எடுத்தார்கள். புல் அறுக்க ஊரார் அவர்களுக்குப் பணம் கட்டினார்கள். பின்னர் ஊர்ச் சங்கமே குத்தகை எடுத்தது. புல் விற்ற பணம் ஊர்ப் பொதுவுக்கு வந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. அணையில் ஆண்டுதோறும் வண்டல் சேரும். அதைத் தூர்வார வேண்டும். சங்கம் கூடிக்கொண்டே இருக்க வேண்டும். புல்லின் தூர் போல ஊர் ஒற்றுமையும் உயிரோடு இருந்தால்தான் அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

சொற்பொருள்

தூர் – பல தாள்கள் சேர்ந்து முளைக்கும் அடிப்பகுதி
சல்லிவேர் – கொத்தாகப் பரவும் மெல்லிய வேர்
வண்டல் – நீர் கொண்டுவந்து படியவிடும் மண்

கலந்து பேசுவோம்

1. பாப்பர் புல்லை அறுத்தாலும் பிழைக்கிறது. ஓயாமல் மேய்ந்தால் சாகிறது. ஏன்?
2. நிலம் இல்லாதவருக்கும் தண்ணீரில் பங்கு கொடுத்தது ஏன்? கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?
3. உங்கள் ஊரில் மேய்ச்சல் நிலம், ஏரிக்கரை, குன்று எது பொதுவாக இருக்கிறது? அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?