பிரேக் முதலில், பெயின்ட் கடைசியில்

பழைய கார் ஒன்று வாங்கி, பிரித்துப் பூட்டி, ஓட்டிப் பார்க்கும் ஆசையோடு என்னிடம் வரும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றித்தான். கறுப்பு அடிக்கலாமா, பால் வெள்ளையா, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரட்டை நிறமா என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வண்டி நிற்குமா? கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. முதல் வண்டிக்கு அம்பாசடரைத் தேடுங்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை வைத்து மேற்கு வங்கத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி அது. 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை வந்தது. டாக்சியாகவும் சர்க்கார் வண்டியாகவும் ஊர் ஊராக ஓடியதால் சாமான் இன்னும் கிடைக்கிறது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த அண்ணாச்சி ஒருவராவது அம்பையிலும் தென்காசியிலும் சங்கரன்கோவிலிலும் இருப்பார். பியட் ஓட்டுவதற்கு இன்னும் இனிமையானது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. பிற்பாடு பத்மினி என்று பெயர் மாறியது. 1,089 சி.சி. என்ஜின், லேசான உடம்பு.

என் மனசு போவது ஹெரால்டிடம். நம் மாநிலத்திலேயே, சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 தொடங்கிப் பத்து வருடம் செய்த வண்டி. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னால் சாயும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம். சேஸிஸ் தனி, உடம்பு தனி என்பதால் கற்றுக்கொள்ளவும் நல்லது. ஆனால் கண்ணாடியும் பீடிங்கும் தேடி வருஷக்கணக்கில் அலைய நேரும். அதனால் அது இரண்டாவது வண்டியாக இருக்கட்டும். அப்படி வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள்: முன்சக்கரத்தின் கீழ்மூட்டில் உள்ள டிரனியனுக்கு கிரீஸ் அடிக்கக்கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் உள்ளே இறங்காமல் காய்ந்து, மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

2. காசைக் கையில் எடுக்குமுன் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வண்டியோடு ஒத்துப் பாருங்கள். பெட்ரோல் அம்பாசடரில் டீசல் என்ஜின் ஏற்றி ஓட்டியவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறாமலேயே மூன்று கை மாறியிருக்கும், ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி.க்கு நிற்கும்போது மாட்டிக்கொள்வது கடைசியாக வாங்கியவர்தான்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பின் வி.ஏ. என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. முதல் பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும். நிபந்தனை இரண்டு: வண்டி மூல உருவத்தில் இருக்க வேண்டும், கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் இறங்கலாம். தினமும் கடைத்தெருவுக்குப் போக வண்டி வேண்டுமென்றால் இந்தப் பதிவு உங்களுக்கு ஆகாது; சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஹெரால்டுகள் எல்லாமே ஐம்பதைக் கடந்துவிட்டன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. வண்டி பார்க்கப் போகும்போது மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தகரம் இருக்கும் இடத்தில் பிடிக்கும். கனமாகப் பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கி விழும். கதவின் அடிப்பாகம், கதவுக்குக் கீழே நெடுக ஓடும் பெட்டித் தகடு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, கால் மிதிக்கும் தரை, பீடிங்குக்குப் பின்புறம் என்று ஒன்று விடாமல் பாருங்கள். அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். தரையும் பெட்டித் தகடும் அரித்துப்போனால் வண்டியின் முதுகெலும்பே அரித்துப்போனதாக அர்த்தம்.

வண்டி எந்த ஊர்க் காற்றில் நின்றது என்று விசாரியுங்கள். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டிக்கும் பாளையங்கோட்டை வெயிலில் நின்ற வண்டிக்கும் தகரத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரை உடைத்து வந்தபோது முங்கிய வண்டிகளும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வெளியே கழுவிவிடலாம். ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளும் சீட் ஸ்பிரிங்கிலும் கதவின் உள்வயிற்றிலும் படிந்த வண்டலை முழுக்கக் கழுவ முடியாது. சீட்டைத் தூக்கி விரலால் தடவுங்கள். ஆற்று மண் விரலில் ஒட்டும்.

4. அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் இஞ்ச் ஸ்பேனர், பியட்டுக்கு எம்.எம். ஸ்பேனர். அரை இஞ்ச் நட்டில் 13 எம்.எம். ஸ்பேனரைப் போட்டால் ஏறக்குறைய பிடிக்கும். அந்த 'ஏறக்குறைய'தான் நட்டின் முனைகளை மழுங்கடிக்கும். நல்ல ரிங் ஸ்பேனர் செட் ஒன்று, இரண்டு ஜாக்கி, நான்கு உறுதியான ஸ்டாண்டு, இவை போதும் தொடங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. பாரம் ஏறினால் எச்சரிக்கை இல்லாமல் பொடியும்.

5. இப்போது பிரேக். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரேக் ஆயில் வழி. ஏதோ ஒரு சக்கரத்தில் ரப்பர் கப் கிழிந்து ஆயில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். மிதி தரையைத் தொடும். இன்றைய கார்களில் வழி இரண்டாகப் பிரிந்திருப்பதால் பாதியாவது மிஞ்சும். இதில் மிஞ்சாது. ஆகவே வண்டி வீட்டுக்கு வந்ததும் என்ஜினைத் தொடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஓஸ்கள், துரு ஏறிய பைப்புகள் அத்தனையையும் மாற்றுங்கள். சிலிண்டரின் உட்சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் கீறலோ குழியோ இருந்தால் அதற்குப் புது ரப்பர் போட்டுப் பயனில்லை. லேத்தில் ஸ்லீவ் போடுங்கள் அல்லது புதிது வாங்குங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுங்கள். அதில் என்ஜின் ஆயிலோ பெட்ரோலோ ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் இறங்கினால் திரும்பாது. ஈரத்துணியால் துடையுங்கள், முகமூடி போடுங்கள், பட்டறைப் பையனையும் போடச் சொல்லுங்கள்.

6. கழற்றும் ஒவ்வொன்றையும் முதலில் படம் எடுங்கள். நட்டு போல்ட்டை டப்பாவில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

7. டிங்கர், லேத்காரர், ரேடியேட்டர் பற்றவைப்பவர், குஷன் தைப்பவர், டைனமோ சுற்றுபவர். இவர்களை நம்பித்தான் இந்தப் பொழுதுபோக்கு உயிரோடு இருக்கிறது. டிங்கர் மட்கார்டு நெளிவை எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளே ஓர் இரும்புக் கட்டியைத் தாங்கல் கொடுத்து வெளியே சுத்தியலால் பைய தட்டுவார். கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதுதான் அதிகம். தகரத்தை ஒட்டும்போது நீளமாகப் பற்றவைக்க மாட்டார். ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அங்கே, நடுவில் ஈரத்துணி. சூடு ஓரிடத்தில் தங்கினால் தகரம் அலை அலையாக வளைந்துவிடும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவரிடம் இருப்பது எந்த மேனுவலிலும் இல்லை.

இன்று பட்டறையில் அவருக்குப் பின்னால் நிற்கப் பையன்கள் இல்லை. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் ஷோரூம் சர்வீசுக்குப் போகிறார்கள். அங்கே நெளிந்த மட்கார்டை எடுத்து எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சம்பளம் அங்கேதான் ஒழுங்காக வருகிறது. ஆனால் இந்தக் கைகள் ஓய்ந்துவிட்டால் நம் வண்டிகளைக் கோவை அவிநாசி சாலையில் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியம் மாதிரி இடங்களில்தான் பார்க்க முடியும். அந்த மியூசியத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். ஆனால் ஊரில் இருக்கும் அண்ணாச்சியிடம் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள். அன்றைய கூலியை அன்றே கொடுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அனுமதி தந்தால் நீங்களே சுத்தியலைப் பிடியுங்கள்.

8. வருஷக்கணக்கில் நின்ற என்ஜினில் பாட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பாதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். டேங்கை இறக்கிக் கழுவுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் நீங்கள் பற்றவைக்க முயல வேண்டாம். காலி டேங்கில் தங்கிய ஆவி வெடிக்கும்.

பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் டயாபிரமும் அதைத் தாங்காது, இளகிப்போகும். எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்ப்ரேட்டரையும் வடித்துவிடுங்கள். இன்னொன்று: 2000-லிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் கிடையாது. பழைய ஹெட்டில் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம்தான் காப்பாக இருந்தது. ஹெட்டைத் திறக்க நேர்ந்தால் கெட்டியான சீட் வளையம் போட்டுவிடுங்கள்.

9. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பிளஸ் முனைதான் எர்த். பார்க்காமல் மாற்றி மாட்டினால் டைனமோ பக்கம் சேதம் வரும். சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். சாமான்களைச் சுற்றத் தெரிந்த எலக்ட்ரீஷியன் இன்னும் இருக்கிறார், தேடிப் பிடியுங்கள். துணி சுற்றிய பழைய வயரை முழுக்க மாற்றுங்கள், ஒட்டுப் போடாதீர்கள்.

10. வண்டியை மாற்றியமைப்பதில் எனக்குப் பகை இல்லை. நம் மண்ணின் டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றபோது கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கேஸ் பிளாண்ட் செய்து கொடுத்தார். தேவைக்காகச் செய்த மாற்றம் அது. போர் முடிந்ததும் கழற்றி வைக்க முடிந்தது. அந்த அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட், ஹெட்லைட்டுக்கு ரிலே, ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன், பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: எல்லாம் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டக்கூடியவை. கழற்றிய பழைய சாமானைக் காயலான் கடைக்குப் போடாமல் எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள். கூரையை அறுப்பது, வேறு என்ஜின் ஏற்றுவது எல்லாம் வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து விலகி மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வி.ஏ. பதிவு கேட்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

11. பெயின்டை மாசி, பங்குனியில் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம். ஆனி, ஆடியில் மேல்காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டும்.

12. முதல் நீண்ட ஓட்டம் திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் வரை இருக்கட்டும். பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளம், எங்கே நின்றாலும் பக்கத்தில் ஓர் ஊர். நாலுவழிச் சாலை வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு ஏற்றமும் மாஞ்சோலை ஏற்றமும் இப்போதைக்கு வேண்டாம். ஃபேன் பெல்ட், ஒரு செட் பாயிண்ட், கண்டன்சர், பிளக், ஒரு குடம் தண்ணீர் டிக்கியில் இருக்கட்டும். சேரன்மகாதேவியில் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆறவைத்து, மெதுவாகத் திரும்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் பழைய அட்டைகளை விரியுங்கள். காலையில் எங்கே எது சொட்டியிருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். சக்கரத்தின் உட்பக்கம் நனைந்திருந்தால் அது பிரேக் ஆயில். அதைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தெருவில் இறக்க வேண்டாம்.