மரம் ஏறுவோரின் கயிறும் துணைவரின் சோதனையும்

திருகோணமலை மாவட்டத்தில் நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணும் கமக்காரர் மரம் ஏறுதலைத் தம் தொழிலாகக் கொண்டவரல்லர். ஆயினும் ஆண்டில் சில நாள்களேனும் மரம் ஏறாமல் அவர்தம் கமம் நடைபெறுவதில்லை. நிலாவெளி, குச்சவெளி ஆகிய கரையோர மணற்றரைகளில் வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் நடுவோருக்கு வேலி அடைக்கப் பனையோலை வேண்டும். மூதூர், கிண்ணியாப் பகுதிகளில் வளவிலுள்ள தென்னையிலிருந்து தேங்காயும், கிடுகு பின்ன ஓலையும் வேண்டும். கந்தளாய், சேருவில வயல்களில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்போர் மரத்தின்மேற் பரண் கட்டி, இருளிலும் ஏறி இறங்குவர். மரம் ஏறுதலையே தொழிலாகச் செய்வோர் குறைந்து வருவதால், கமக்காரரோ அவர் மகனோ அயலவரோ ஏறுவது இன்று வழக்கமாகிவிட்டது.

முப்பது அடி உயரத்திலிருந்து வீழும் ஒருவர் ஒன்றரை வினாடி முடியுமுன் நிலத்தை அடைவார். அப்போது அவர் வேகம் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீற்றர் ஆகும். முதிர்ந்த பனையோ 60 அடிக்கு மேலும் வளர்வது. வீழ்ந்தவர் உயிர் தப்பினும் முதுகெலும்பு முறிந்து கிடப்பாராயின், அந்தக் குடும்பத்தின் பெரும்போகம் அவ்வாண்டோடு நின்றுவிடும். ஆதலால் மரத்தடியில் இரண்டு நிமிடம் செலவிட்டுக் கயிற்றைச் சோதித்தல் வீண்வேலையன்று.

இச்சோதனையை ஏறுபவர் தாமே செய்துகொண்டாற் போதாதோ எனச் சிலர் கேட்பர். போதாது. தம் முதுகுப்புறக் கட்டை எவராலும் நன்கு காண இயலாது. அதனினும் முக்கியமாக, நூறுமுறை கட்டிய முடிச்சைக் கை கட்டும்போது மனம் வேறிடத்தில் இருக்கும். பாறை ஏறுதலில் உலகப் புகழ் பெற்ற அமெரிக்கப் பெண்மணி லின் ஹில் என்பவர், 1989ஆம் ஆண்டு மே மாதம் தென் பிரான்சில் ஒரு பாறையில் ஏறினார். இடுப்புவாரிற் கயிற்றைக் கோத்தவர், இடையிற் கவனம் வேறொன்றிற் செல்லவே, முடிச்சை முடிக்காமல் விட்டார். ஏறும்வரை எவ்விதத் தீங்கும் நேரவில்லை. உச்சியை அடைந்து, கயிற்றை நம்பிப் பின்புறம் சாய்ந்தபோது கயிறு கழன்றது. எழுபது அடிக்கு மேல் வீழ்ந்தவர் மரக்கிளைகளிற் பட்டமையால் உயிர் பிழைத்தார். பழக்கமில்லாதவரின் தவறன்று இது. மிகுந்த பழக்கத்தால் வரும் தவறு. பாறை ஏறுவோர் நிலத்தை விட்டு எழுமுன் ஒருவர் கட்டை மற்றவர் கண்ணாற் பார்த்துக் கையால் இழுத்துச் சோதிப்பதை முறையாகக் கொள்வர். பனைக்கும் தென்னைக்கும் அம்முறையே பொருந்தும்.

துணைவர் முதலிற் பார்க்க வேண்டியது கயிறு. இம்மாவட்டத்திலே துறைமுகமும் மீன்பிடித் துறைகளும் அருகில் இருப்பதால், கடற்றொழிலிற் கழித்த கயிறுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வேலி கட்டலாம், மாடு கட்டலாம், மனிதரைக் கட்டலாகாது. வெயிலிற் பல மாதம் கிடந்த பிளாத்திக்குக் கயிறு மேலே வெளுத்துச் சொரசொரப்பாகித் தன் வலிமையை இழந்திருக்கும். அன்றியும் வழுவழுப்பான புதுக் கயிற்றில் இட்ட முடிச்சு தானே நழுவும். தும்புக் கயிறு உப்புநீரை நன்கு தாங்குவது. ஆனால் நனைந்தும் உலர்ந்தும் உள்ளே இற்றுப்போயிருக்கக்கூடும். கயிற்றின் முறுக்கை இடையிடையே பிரித்து உட்புறத்தைப் பார்த்தல் வேண்டும். உள்ளே தூள் உதிர்ந்தால் அக்கயிற்றை அன்றே துண்டாக வெட்டிவிடுவது நன்று. முழுதாக விட்டுவைத்தால் மற்றொரு நாள் மற்றொருவர் அதை எடுத்துவிடுவார். மரம் ஏறும் கயிற்றை உரமூட்டைக்கும் கிருமிநாசினிக்கும் பற்றரி நீருக்கும் அருகில் வைக்கலாகாது. நைலோன் கயிற்றை அமிலம் அரித்துவிடும்.

அடுத்தது முடிச்சு. எந்த முடிச்சாயினும் அதன் இடத்திற் கயிற்றின் வலிமை குறைகின்றது. ஆகவே இரண்டு துண்டுகளை இணைத்து நீளமாக்கிய கயிறு ஏற்றதன்று. முடிச்சுக்கு வெளியே ஒரு சாணுக்குக் குறையாத தலைப்பு மிஞ்சியிருக்கின்றதா, அத்தலைப்பு மீண்டும் சுற்றிக் கட்டப்பட்டுள்ளதா என்பதைத் துணைவர் விரலால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். கட்டட வேலையிற் பயன்படும் முழு உடற்பட்டி கிடைக்குமாயின் இடுப்புக் கயிற்றினும் அது பன்மடங்கு மேலானது. அதன் கொக்கிகள் முற்றாக மூடியுள்ளனவா, வார்கள் முறுக்கேறாமல் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பின்னர்த் தளைநாரைப் பார்க்கலாம். காய்ந்து வெடித்த நார் ஆகாது.

இவையெல்லாம் பார்த்தபின், ஏறுபவர் நிலத்திலிருந்து இரண்டு முழ உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கயிறிட்டு, கையை விட்டு, தம் முழுப் பாரத்தையும் கயிற்றிற் சாய்த்துப் பார்க்க வேண்டும். கயிறு இடுப்பு மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ மரத்தைப் பற்றியிருத்தல் வேண்டும். இடுப்புக்குக் கீழே தொங்கினாற் பின்புறம் கவிழ நேரும். தென்னையின் வழுவழுப்பான தண்டில் ஒரு சுற்று மட்டும் இட்ட கயிறு ஆளோடு சேர்ந்து கீழே சறுக்கும். ஆதலால் மேலே சென்று கையை விட்டு வேலை தொடங்குமுன் இரண்டாவது சுற்று இடுதல் அவசியம். வடலி கடந்த பனையிலே மட்டையடிகள் கயிற்றைத் தடுக்குமிடத்தில் அதைக் கழற்றி மேலே போட வேண்டியிருக்கும். அவ்விடத்திற்கென இரண்டாவது கயிறொன்று வேண்டும். ஒன்று கழலும்போது மற்றொன்று கட்டியிருக்க வேண்டும்.

பனையிலே இன்னோர் இடர் உண்டு. கருக்குமட்டையின் விளிம்பு அரம் போன்றது. பாரம் ஏறிய கயிறு அதன்மேல் உராய்ந்தால் விரைவில் அறும். மட்டையிலே கயிற்றைக் கட்டுதல் தென்னையிலும் ஆகாது. பழுத்த மட்டை சிறிது இழுத்தாலே கழன்று வரும். தண்டையே சுற்றிக் கட்ட வேண்டும். கத்தியை இடுப்பிற் செருகாது கூட்டிலிட்டுச் செல்லுதல் நன்று.

கேரளத்திற் கண்ணூர்ப் பக்கத்தைச் சேர்ந்த அப்பச்சன் எனப்படும் எம்.ஜே. ஜோசப் அமைத்த ஏறுகருவியும் அதனைப் போன்றனவும் இப்போது பரவியுள்ளன. இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டு முதல் இளைஞருக்கு அத்தகைய கருவிகளிற் பயிற்சி அளித்தது. கருவி இருந்தாலும் கயிறு வேண்டாமென்பதில்லை. அதன் கம்பிவடம் இழை விட்டிருக்கின்றதா, இரு பகுதியும் மரத்தைச் சுற்றிப் பூட்டப்பட்டுள்ளனவா எனத் துணைவர் பார்த்தே அனுப்ப வேண்டும்.

ஏறுபவரும் துணைவரைச் சோதிக்க வேண்டும். அவர் மரத்தின் நேர்கீழே நிற்கின்றாரா? பிள்ளைகளும் ஆடுகளும் அகற்றப்பட்டனரா? கையிலே தொலைபேசி உண்டா? அருகில் மின்கம்பி செல்லுமாயின் அம்மரத்தை விட்டுவிடுதலே தக்கது. பச்சையோலை கம்பியிற் பட்டாலும் மின்சாரம் பாயக்கூடும். கச்சான் காற்று கடுமையாக வீசும் நேரத்திலும், மாரியிலே தண்டு நனைந்துள்ள நாளிலும் துணைவர் “வேண்டாம்” என்றால் அச்சொல்லே நிற்க வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. மூத்தவர் கட்டிய முடிச்சை இளையவர் தொட்டுப் பார்த்தால் அது அவமதிப்பெனக் கொள்ளப்படுகின்றது. இளையவரும் அஞ்சிப் பேசாதிருந்துவிடுவர். இதனை நீக்கும் வழி மூத்தவர் கையிலேயே உள்ளது. “தம்பி, என்ர கட்டை இழுத்துப் பார்” என அவரே முதலிற் கேட்பாராயின், “பார்த்திட்டன் அண்ணை, ஏறுங்கோ” என்னும் மறுமொழி வரும்வரை காலெடுத்து வையாது நிற்பாராயின், சில நாளில் அது வீட்டு வழக்கமாகிவிடும். இடையிலே பேச்சோ தொலைபேசி அழைப்போ குறுக்கிட்டாற் சோதனையை முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

வழுக்கியவர் கயிற்றிலே தொங்கிக்கொண்டிருப்பாராயின் அது காப்பு மட்டுமே. அசையாது நெடுநேரம் தொங்குதலும் உயிருக்கு ஆபத்தாகும். இடுப்புக் கயிறு மூச்சையும் அடைக்கும். உடனே அவரைத் தண்டிற் கால்பற்றச் செய்து பாரத்தைக் குறைக்க வேண்டும். அவரை இறக்க ஏணியும் மற்றொரு கயிறும் வேலை தொடங்குமுன்னரே மரத்தடியில் இருத்தல் வேண்டும். நிலத்தில் வீழ்ந்தவரைத் தூக்கி நிமிர்த்தலாகாது. கழுத்தும் முதுகும் அசையாதபடி கிடத்தி, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்க வேண்டும்.