மோட்டார் எஞ்சின் குலுங்குவதும் நின்றுபோவதும்: குறை காணும் முறை

மோட்டார் கார் நகராமல் நிற்கும்பொழுது, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கப்படாத நிலையிலும், அதன் எஞ்சின் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். இந்நிலையைப் பட்டறைகளில் ‘ஐடிலிங்’ என்பர். நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சின் இவ்வேளையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 900 சுற்று வரை அமைதியாகச் சுழலும். இச்சுழற்சி சீர்கெட்டு வண்டி குலுங்குவதும், சிற்சில வேளைகளில் எஞ்சின் அடியோடு நின்றுவிடுவதும் கார் வைத்திருப்போர் பலரும் அறிந்த தொல்லையாகும். இத்தொல்லை நேர்ந்தவுடன் பிளக், பம்பு, பாட்டரி என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வழக்கமாக இருக்கிறது. இதனால் பணம் செலவாகிறதேயன்றிக் குறை தீருமென்பது உறுதியில்லை. குறை எந்த நேரத்தில், எந்த நிலையில் தோன்றுகிறது என்பதை முதலில் கவனித்து, பின்னர் எளிய சோதனையிலிருந்து கடினமான சோதனைக்குச் செல்வதே சரியான முறையாகும்.

ஐடிலிங்கில் குறை வெளிப்படுவதேன்?

பெட்ரோல் எஞ்சின் இயங்குவதற்கு மூன்று தேவைகள் உள்ளன: சரியான அளவில் கலந்த காற்றும் எரிபொருளும், தக்க நேரத்தில் தோன்றும் தீப்பொறி, போதிய அமுக்கம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சக்தியளிக்கிறது. எனவே, நிமிடத்திற்கு 800 முறை சுழலும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நிமிடத்திற்கு 1,600 முறை எரிதல் நிகழும். ஒரு சிலிண்டர் செயலற்றுப்போனால் சக்தியில் நான்கிலொரு பங்கு இழப்பாகும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் இழப்பு மூன்றிலொரு பங்காதலின் குலுக்கம் இன்னும் மிகுதியாகத் தெரியும்.

வேகமாக ஓடும்பொழுது சுழலும் பாகங்களின் உந்தம் சிறு குறைகளை மறைத்துவிடும். ஐடிலிங்கிலோ அவ்வுந்தம் குறைவு. காற்றின் அளவை ஆளும் திராட்டில் கதவும் பெரும்பாலும் மூடியிருப்பதால், எஞ்சினுக்குள் செல்லும் காற்று மிகச் சொற்பம். ஆகவே, சிறு துளை வழியே நுழையும் காற்றும் கலவையைக் கெடுக்கப் போதுமானது. எஞ்சினின் உடல்நலத்தை அறிய ஐடிலிங்கே சிறந்த சோதனைக் களம் என்பது இதனாலேயே.

இடப்பள்ளியின் மழைக்காலம்

சேலத்திலிருந்து கோவை, பாலக்காடு வழியாக வரும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பன்வேலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் 66ஆம் எண் நெடுஞ்சாலையைக் கொச்சி நகரின் இடப்பள்ளியில் சந்திக்கிறது. இங்கு மேம்பாலம் 2016இல் திறக்கப்பட்டபோதிலும், மழை நாட்களின் நெரிசல் நீங்கிவிடவில்லை. கொச்சியில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். இது கோவையில் பெய்வதைப்போல் நான்கு மடங்கு அளவாகும்.

ஜூன் மாத மழையில் இச்சந்திப்பில் வரிசையில் நிற்கும் கார் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். முன்விளக்கு எரிகிறது; கண்ணாடித் துடைப்பான் ஓடுகிறது; கண்ணாடியில் படியும் பனிப்படலத்தை நீக்க ஏ.சி.யும் இயங்குகிறது. எஞ்சின் தன் சுழற்சியின் கீழெல்லையில் இருக்கும் வேளையிலேயே இத்தனை சுமைகளும் அதன்மீது ஏறுகின்றன. காற்றிலுள்ள ஈரமோ மின்கம்பிகளின் காப்புறையைச் சோதிக்கிறது. வறண்ட ஊரில் மறைந்திருந்த குறை இங்கே வெளிப்படுவது இயல்பே. இடப்பள்ளி வண்டியைக் கெடுத்துவிட்டது என்று கருதுவதினும், முன்பே இருந்த குறையை இடப்பள்ளி காட்டிக்கொடுத்தது என்று கொள்வதே பொருந்தும்.

முதற்படி: கவனித்தல்

கருவி எதையும் கையிலெடுக்குமுன் சில கேள்விகளுக்கு விடை காணவேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது மட்டும் குறை தோன்றினால், எஞ்சின் நீரின் உஷ்ணத்தை அளக்கும் சென்சாரையோ, பழைய வண்டியாயின் சோக்கையோ ஐயுறலாம். மழையில் மட்டும் தோன்றினால் மின்கசிவை முதலில் ஆராய்க. ஏ.சி.யைப் போட்டவுடன் எஞ்சின் நின்றால், சுமைக்கேற்பக் காற்றைக் கூட்டித்தரும் அமைப்பு செயற்படவில்லை எனலாம். ஓடிவந்த வண்டி நிற்கும் தறுவாயில் எஞ்சினும் நின்றுவிட்டால், திராட்டில் கதவைச் சுற்றிப் படிந்த கரியே பெரும்பாலும் காரணமாகும். ஐடிலிங்கில் குலுங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் சீரடைந்தால் காற்றுக் கசிவைத் தேடுக. எவ்வேகத்திலும் குலுக்கம் நீங்காவிடில் ஒரு சிலிண்டர் செயலற்றிருக்கக்கூடும்.

தீப்பொறி

பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் 20,000 வோல்ட்டிற்கும் மேலாக உயர்த்துகிறது. இத்தகைய உயர் அழுத்த மின்சாரம் வெடிப்புற்ற காப்புறையும் ஈரமும் கூடிய இடத்தில் பிளக்கைச் சென்றடையாமல் எஞ்சினின் உலோகத்திற்குத் தாவிவிடும். அம்பாஸிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளில் இரவில் பானட்டைத் திறந்து, எதையும் தொடாமல் நோக்கினால், நீலநிறப் பொறிகள் கம்பிகளின்மேல் ஓடுவதைக் காணலாம். இது தெளிவான சான்றாகும்.

புதிய வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கிற்கும் தனித்தனிக் காயில் உண்டு. ஒரு காயிலின்மீது ஐயமிருப்பின், எஞ்சினை நிறுத்திவிட்டு அதனை அடுத்த சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றுக. குறையும் காயிலோடு இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிடில் காயில் குற்றமற்றது. புதிய பொருள் ஒன்றும் வாங்காமல் முடிவு காணும் சோதனை இது.

கழற்றிய பிளக்கின் முனையும் பல செய்திகளைக் கூறும். இளம் பழுப்பு நிறம் நல்ல எரிதலைக் குறிக்கும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையுள்ள கருமையானால் எஞ்சின் ஆயில் உட்புகுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது உஷ்ணம் மிகுதி.

காற்று

சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் உட்குழாயில், எஞ்சின் இயங்கும்பொழுது வெற்றிட ஈர்ப்பு உண்டாகிறது. இக்குழாயோடு இணைந்த ரப்பர்க் குழாய்களில் வெடிப்பு ஏற்பட்டால், அளக்கப்படாத காற்று உள்ளே நுழையும். கசிவிடத்தில் ‘உஸ்’ என்ற ஓசை கேட்கலாம். பிரேக் பெடலை அழுத்தும்போது இவ்வோசை கேட்டு, எஞ்சினின் சுழற்சியும் மாறினால், பிரேக் பூஸ்டரையும் அதன் குழாயையும் ஆராய்க. ஐயத்திற்குரிய குழாயை விரலால் மெல்ல அழுத்தி மூடியவுடன் எஞ்சின் சீரடைந்தாலும் காரணம் விளங்கிவிடும். கசிவைத் தேடப் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் தீ விபத்துக்கு வழியாதலின் அறவே விலக்கத்தக்கது. நல்ல பட்டறைகள் குழாயினுள் புகையைச் செலுத்தி, அது வெளிவரும் இடத்தைக் காண்கின்றன.

எரிபொருள்

பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய, எடையளவில் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு ஏறத்தாழ 9 பங்கு போதும். இந்தியாவில் பெட்ரோலுடன் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2025இல் எட்டப்பட்டது. இக்கலவைக்குத் தேவையான காற்று ஏறத்தாழ 13.5 பங்காகும். ஆக்ஸிஜன் சென்சாரும் கணிப்பொறியும் உள்ள வண்டி இவ்வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்கிறது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியால் அங்ஙனம் இயலாது. பெட்ரோலுக்கென அமைந்த அதன் நுண்துளை, புதிய கலவைக்குப் போதாமையால் ஐடிலிங் நலிவடையும். பழைய ரப்பர் பாகங்கள் எத்தனாலில் கெட்டு, துகள்கள் அத்துளையை அடைப்பதும் உண்டு.

எத்தனாலுக்கு நீரை ஈர்க்கும் இயல்பும் உண்டு. தொட்டியில் நீர் ஓர் அளவுக்கு மேற்படின், நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்பு முதலில் உறிஞ்சுவது அடியிலுள்ளதையே. மழைக்காலத்தில் பல வாரங்கள் நிறுத்திவைத்த வண்டி கிளம்பியவுடன் திணறினால், சிறிது பெட்ரோலைத் தெளிந்த கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து அசையாமல் வைத்துப் பார்க்கவேண்டும். அடியில் தனிப்படலம் தெரிந்தால் தொட்டியைக் காலிசெய்வதே வழி. நெடுநாள் நிறுத்தும் வண்டியின் தொட்டியை நிரப்பிவைப்பின் ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

அமுக்கம்

தீப்பொறி, காற்று, எரிபொருள் ஆகிய மூன்றும் சரியாயிருந்தும் குறை தீரவில்லையெனில், அமுக்கமானி கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கவேண்டும். ஒன்றின் அமுக்கம் மற்றவற்றைக் காட்டிலும் வெகுவாகக் குறைந்திருப்பின், அதனுள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மீண்டும் அளக்க. அமுக்கம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிடில் வால்வு சரிவர மூடவில்லை எனலாம். எஞ்சினைப் பிரிக்கும் பெருஞ்செலவுக்கு முன் இச்சோதனை இன்றியமையாதது.

கணிப்பொறியின் சாட்சியம்

இக்காலக் கார்களில் டாஷ்போர்டின் அடியிலுள்ள இணைப்பில் கருவியைப் பொருத்திக் குறைக் குறியீடுகளைப் படிக்கலாம். ‘பி0301’ என்பது முதல் சிலிண்டரில் எரிதல் தவறுவதையும், ‘பி0171’ என்பது கலவையில் எரிபொருள் குறைந்திருப்பதையும் குறிக்கும். இவை சாட்சியங்களே, தீர்ப்புகள் அல்ல. முதல் சிலிண்டரில் தவறு என்று மட்டுமே கருவி கூறும். காரணம் பிளக்கா, காயிலா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா, வால்வா என்பதை மேற்கூறிய சோதனைகளே உணர்த்தும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சேதப்படுத்தும் நிலை என்றறிந்து, வண்டியை விரைந்து ஓட்டுவதைத் தவிர்க்க.

எச்சரிக்கைகள்

ஓடும் வண்டியில் எஞ்சின் நின்றுவிட்டால் பவர் ஸ்டியரிங் பெரும்பாலும் கனத்துவிடும். பிரேக் பூஸ்டரில் எஞ்சிய ஈர்ப்பு ஓரிருமுறை அழுத்துவதற்கே போதும். எனவே, பெடலை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, அபாய விளக்குகளைப் போட்டு, இடப்புறமாக ஒதுங்கவேண்டும்.

தேங்கிய நீரைக் கடக்கையில் எஞ்சின் நின்றால் மீண்டும் கிளப்ப முயல்வது பெருந்தவறு. காற்றைப்போல் நீர் அமுங்குவதில்லை. சிலிண்டருள் நீர் புகுந்திருக்குமாயின், ஏறிவரும் பிஸ்டன் அதன்மீது மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் ஆலுவா முதலிய இடங்களைச் சூழ்ந்த காலம்போன்ற வேளைகளில், நீரில் மூழ்கிய வண்டியை இழுத்துச் சென்று, பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே கிளப்பவேண்டும்.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தல் ஆகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது உயிரைப் பறிக்க வல்லது.

முடிவாக

குறை தோன்றும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுதல், மின்கசிவு, காற்றுக்கசிவு, எரிபொருள், அமுக்கம் என்ற வரிசையில் ஆராய்தல், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி விளைவைக் காணுதல் ஆகியவை இம்முறையின் சாரமாகும். இரண்டு பொருள்களை ஒருங்கே மாற்றினால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது விளங்காது. வண்டியின் உரிமையாளர் தாம் கண்டவற்றை நாள், நேரம், மழை, ஏ.சி. ஆகிய விவரங்களோடு ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுப்பாராயின், பட்டறையின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.