கோர்வையும் புறப்பரப்பும்: இடத்தியல் மின்காப்பிக்கு ஓர் உவமை
காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு ஊடைகளால், மூன்று நாடாக்கள் கொண்டு நெய்யப்பெறுகின்றன. அவை சந்திக்கும் எல்லையில் கோர்வை அமைகிறது. இடத்தியல் மின்காப்பியை அறிவியல் தமிழில் விளக்க இது தக்க உவமையாகும். பிஸ்மத் செலினைடின் உட்பகுதி ஏறத்தாழ 0.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி உடையது. ஆயினும், அதன் புறப்பரப்பில் அவ்விடைவெளியைக் கடக்கும் டிராக் கூம்பு வடிவ எலக்ட்ரான் நிலைகள் இருத்தல் 2009இல் ஒளியுமிழ்வு ஆய்வால் வெளிப்பட்டது. படிகமும் அதனைச் சூழும் வெற்றிடமும் இடத்தியல் வகையால் வேறுபடுவதே இதற்குக் காரணம். உவமைக்கு எல்லையும் உண்டு. கோர்வையை நெசவாளர் கை பிணைக்கிறது. சேலையின் உடலை வெட்டினால் அவ்விடத்தில் கோர்வை தோன்றாது. படிகத்தைப் பிளந்தாலோ புதிய பரப்பிலும் கடத்தும் நிலைகள் தாமே தோன்றும். எனவே, 'மின்காப்பி' என்னும் கலைச்சொல் உட்பகுதியையே சுட்டும் என்பதைப் பாடநூல்கள் தெளிவுறுத்தல் வேண்டும்.