யாரோடு படிப்பது? செங்கல்பட்டுக் கரையிலிருந்து ஃபெலோஷிப் தேடுவோருக்கு

செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமானது. இரண்டே ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தபோது இம்மாவட்டத்தின் பல ஊர்கள் அதற்குள் வந்தன. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் புதுநகர் வளர்ச்சித் திட்டம் தீட்டும் வேலையைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) எடுத்துக்கொண்டது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 இறுதியில் திறக்கப்பட்டது. நெம்மேலியில் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிவந்த ஆலையோடு 15 கோடி லிட்டர் ஆலை ஒன்றும் 2024இல் சேர்ந்தது. ஏரிக்கரை ஊர்களும் மீனவர் குப்பங்களும் இப்படி நகரமாகிக்கொண்டிருக்கும் வேகத்தில், அந்த மாற்றம் யாரையும் நசுக்காமல் நடக்கவேண்டும் என்று வேலை செய்பவர்களும் கூடியிருக்கிறார்கள்: பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவர், சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பை நடத்துபவர், குப்பத்திலிருந்து பொறியியல் படித்து வந்த இளைஞர். இவர்கள் கண்ணில் ஆண்டுதோறும் ஃபெலோஷிப் அறிவிப்புகள் படுகின்றன. எல்லா அறிவிப்பும் தலைமைப்பண்பு, மாற்றம், பயணம் என்று ஒரே குரலில் பேசுவதால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரிவதில்லை. வழக்கமாக உதவித்தொகை, நிறுவனத்தின் பெயர், சான்றிதழ் என்ற வரிசையில்தான் பார்க்கிறோம். இவற்றுக்கெல்லாம் முன்னால் பார்க்கவேண்டியது, யாரோடு உட்கார்ந்து படிக்கப்போகிறோம் என்பதை.

இதற்குச் சான்று இந்தக் கரையிலேயே இருக்கிறது. 1972இன் வனவிலங்குச் சட்டமும் பாம்புத்தோல் வியாபாரத்தின் மீதான தடையும், பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பைப் பறித்தன. 1978இல் வடநெம்மேலியில், முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. பாம்பின் தடம், வளை, பருவம் ஆகியவற்றை அறிந்தவர்கள் இருளர்கள். நஞ்சை எடுத்து மருந்து நிறுவனத்துக்கு விற்கும் வழியையும், வனத்துறையிடம் உரிமம் வாங்கும் வழியையும் அறிந்தவர்கள் வேறு சிலர். இரு தரப்பும் ஒன்றுக்கொன்று மாணவராக இருந்ததால்தான், நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்து போகும் நிலை வந்தது. இங்கிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் புளோரிடாவுக்கே மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அமெரிக்காவின் தென்கரோலினாக் கடலோரத்திலும் இதற்கு இணையான ஒன்று நடந்திருக்கிறது. ஜான்ஸ் தீவில் பேருந்து ஓட்டிவந்த ஈசா ஜென்கின்ஸ், வாக்குரிமை பெற எழுத்தறிவு வேண்டும் என்ற தன் ஊராரின் சிக்கலை, டென்னசியில் 1932 முதல் இயங்கிவந்த ஹைலாண்டர் பள்ளிக்குக் கொண்டுபோனார். 1957இல் தொடங்கிய வகுப்புக்கு ஆசிரியையாக வந்த பெர்னிஸ் ராபின்சன் ஓர் அழகுக்கலை நிபுணர். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்ல. என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று வந்தவர்களிடம் கேட்டுத்தான் அவர் பாடத்தை அமைத்தார். அந்த வகுப்பு தென்மாநிலங்கள் எங்கும் குடியுரிமைப் பள்ளிகளாகப் பரவியது.

இந்த அளவுகோலோடு கையிலிருக்கும் வாய்ப்புகளைப் பார்ப்போம். தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022இல் வந்தது. திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் கல்விப் பங்காளி. இரண்டாண்டு முழுநேரப் பணி, பொது வயது வரம்பு 22 முதல் 30, பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் தளர்வு உண்டு. முதல் அணிக்கு மாதம் 50,000 ரூபாயும் கூடுதல் செலவுக்கு 10,000 ரூபாயும் தரப்பட்டன. தமிழ் தெரிந்திருப்பது கட்டாயம். மற்ற அறிவிப்புகளில் அரிதாகவே காணக்கிடைக்கும் நல்ல விதி இது. இங்கே அருகில் உட்காருபவர்கள் சக பட்டதாரிகளும் அரசு அதிகாரிகளும். ஒரு கோப்பு எந்த மேசையில் ஏன் நிற்கிறது என்று கற்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் எந்தத் துறை, எந்த மாவட்டம் என்பது உங்கள் கையில் இருக்காது. இரண்டாண்டு ஊரை விட்டு விலகவேண்டியும் வரலாம். அரசு முடிவை வெளிப்படையாக எதிர்க்கும் சுதந்திரமும் அந்தக் காலத்தில் இராது.

வளாகத்தில் தங்கிப் படிப்பது இரண்டாவது வகை. பெங்களூரிலுள்ள இந்திய மனிதக் குடியிருப்புகள் நிறுவனம் 2016இல் தொடங்கிய நகர்ப்புற ஃபெலோ திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. கட்டடக் கலைஞர், பொருளியலாளர், சமூகப்பணியாளர் எனப் பல துறையினர் ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் ஒன்றாகப் படிப்பது அதன் அமைப்பு. வேலையைத் தொடங்கும் முன் துறையைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு இவ்வகை பொருந்தும்; களத்தில் ஐந்தாறு ஆண்டு ஊன்றியவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அவர்களுக்கு மூன்றாவது வகை இருக்கிறது: வேலையை விடாமல் ஓராண்டில் சில முறை கூடிக் கற்பது. அக்குமன் நிறுவனத்தின் இந்தியத் திட்டம் அப்படிப்பட்டது. லண்டன் பொருளாதாரப் பள்ளியின் அட்லாண்டிக் ஃபெலோஷிப் இரண்டையும் வைத்திருக்கிறது: லண்டனில் தங்கி முதுநிலைப் பட்டம் பெறும் பிரிவு ஒன்று, சொந்த ஊர் வேலையில் இருந்தபடி சேரும் பிரிவு மற்றொன்று. செலவை இரண்டிலும் அவர்களே ஏற்கிறார்கள். அட்லாண்டிக் திட்டத்தில் உடன் படிப்பவர் நைரோபியிலோ சாவோ பாவ்லோவிலோ குடிசைவாழ் மக்களோடு வேலை செய்பவராக இருக்கலாம்; உங்கள் சிக்கல் உங்கள் ஊருக்கு மட்டும் வந்தது அல்ல என்று தெரிவது பெரிய பலம். ஆங்கிலம் என்ற கதவு மட்டும் குறுகலானது. அசோகா ஃபெலோஷிப்பை இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு புதிய எண்ணத்தை நிறுவிக்காட்டியவரை அது தேடுகிறது, கற்றுக்கொடுக்க அழைப்பதில்லை. டீச் ஃபார் இந்தியா பள்ளி வகுப்பறைக்கானது. நகரத்தின் நிலம், நீர் பற்றிய கேள்விகளுக்கு அது சுற்றுவழி.

ஒரே ஒரு கேள்வியை வைத்து இவற்றை உரசிப் பார்க்கலாம். 2025-26 மாநில நிதிநிலை அறிக்கை, திருப்போரூருக்கும் கோவளத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழி நிலத்தில் 1.6 டிஎம்சி கொள்ளும் நீர்த்தேக்கத்தை அறிவித்தது. சென்னையின் தெற்கு விளிம்புக்குக் குடிநீர் வேண்டும் என்பது உண்மை. கழிமுகத்தில் உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு மாறினால் இறாலும் மீனும் என்னாகும் என்ற மீனவரின் கேள்வியும் உண்மை. அரசுத் திட்டத்தில் இருப்பவர் திட்ட அறிக்கை எப்படி உருவாகிறது என்று கற்பார், கையால் இறால் பிடிப்பவரோடு பேசும் நேரம் அவருக்குக் கிடைக்காமல் போகலாம். வளாகத்தில் இருப்பவர் நீரியல் கற்பார், ஊர் அவருக்குத் தொலைவில் இருக்கும். வேலையோடு கற்பவர் ஊரிலேயே இருப்பார், பொறியாளரோடு மேசை பகிரும் வாய்ப்பு குறைவு. ஆக எது உயர்ந்தது என்ற கேள்விக்கு விடையில்லை. உங்களிடம் இல்லாத அறிவு யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் இருக்கும் அறைக்குப் போகவேண்டும். ஊரை அறிந்தவர் அரசை நாடட்டும். கல்லூரியிலிருந்து வந்தவர் ஊரிலேயே வேரூன்றவிடும் திட்டத்தை நாடட்டும். பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாக, தமக்கு ஏற்கெனவே பழகிய கூட்டத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

பணத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பேசுவது வசதியுள்ளவர் பேச்சு என்று மறுக்கலாம். அந்த மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவருக்கு, மாதக் கடனைக் கட்டவேண்டியவருக்கு, உதவித்தொகை இல்லாத வாய்ப்பு வாய்ப்பே அல்ல. ஆகவே குடும்பச் செலவுக்கு எட்டாத திட்டங்களை முதலிலேயே கழித்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் தொகை எது அதிகம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதைத்தான் சொல்கிறேன். சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் பெண்களுக்குத் தொகையைவிட விடுதி விதிகளும் பயண நாட்களும்தான் முடிவைத் தீர்மானிக்கும். நேர்காணலில் அதை வெட்கமின்றிக் கேட்கலாம். கேட்டதற்காகத் தள்ளும் நிறுவனத்தில் சேராமலிருப்பதே மேல்.

இன்னொரு மறுப்பு: இத்தனை அலைச்சல் எதற்கு, ஊரிலேயே பத்துப் பேர் கூடிக் கற்றால் போதாதா? அதற்கு ஓர் அடித்தளம் இப்போது உண்டு. நகர்ப்புற வார்டு குழு, பகுதி சபா விதிகள் 2022இல் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று நடந்த பகுதி சபாக் கூட்டங்களில் ஒன்றில், தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில், முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒரு கவுன்சிலர், ஓய்வுபெற்ற குடிநீர் வாரியப் பொறியாளர், மீன் விற்கும் பெண், கல்லூரி மாணவர் ஆகியோர் ஓராண்டு மாதந்தோறும் கூடி, தம் வார்டின் வடிகால் வரைபடத்தையும் வரவுசெலவையும் ஒன்றாகப் படித்தால் அது எந்த ஃபெலோஷிப்புக்கும் குறைந்ததல்ல. ஆனால் ஊர் வட்டம் ஊரின் பழைய வேலிகளையும் கூடவே கொண்டுவரும். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளில் மரபாகப் பெண்களுக்கு இடமில்லை. ஒரே சாதியும் ஒரே கட்சியும் கூடினால் கற்றல் நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் திட்டம் அந்நியர்களை வற்புறுத்தி ஒரே அறையில் உட்காரவைக்கிறது. அந்த வற்புறுத்தலை ஊர் வட்டம் தானாகச் செய்துகொள்ள முடியுமானால் ஃபெலோஷிப் தேவையில்லை.

விண்ணப்பிக்கும் முன் அந்தத் திட்டத்தில் இருந்துவந்த இரண்டு மூன்று பேரைத் தேடிப் பேசுங்கள். என்ன கற்றீர்கள் என்று கேட்டால் எல்லோரும் அழகாகப் பேசுவார்கள். உடன் படித்தவர்களில் யாரோடு இப்போதும் வேலை செய்கிறீர்கள், முடித்தபின் பழைய களத்துக்குத் திரும்பினீர்களா என்று கேட்டால்தான் உண்மை வரும். விதிகளும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, சில திட்டங்கள் நின்றும் போகின்றன. அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். முப்பதை நெருங்குபவர், அரசை உள்ளிருந்து பார்க்க விரும்பினால், முதலமைச்சர் திட்டத்துக்கு அடுத்த அறிவிப்பு வந்ததுமே விண்ணப்பிக்கட்டும்; வயது வரம்பால் முதலில் மூடப்படும் வழி அது. அக்குமனுக்கும் லண்டன் திட்டத்துக்கும் கள அனுபவம் கூடக்கூட விண்ணப்பம் வலுப்பெறும்.