தீ அணைந்த பிறகு வரும் மழை

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே உள்ள சரிவு இந்தக் கோடையில் எரிந்துவிட்டது. அங்கிருந்து வரும் ஓடையில் குழாய் போட்டுத்தான் தண்ணீர் எடுக்கிறோம். இப்போது தெளிவாகவே ஓடுகிறது. குடிக்கலாமா?
– வாசகர், கொடைக்கானல் மலை

பதில்: இந்தத் தெளிவை நம்பாதீர்கள். ஓடையைக் கெடுப்பது தீயைவிட, அதன்பின் வரும் முதல் கனமழைதான்.

காடு கடுமையாக எரியும்போது, இலைதழையில் உள்ள மெழுகுப் பொருள் ஆவியாகி மண்ணுக்குள் இறங்கிப் படிந்து, தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும். எரிந்த இடத்தில் சாம்பலை ஒதுக்கி, மேல்மண்ணை லேசாகக் கீறித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல் உருண்டு நின்றால், அந்தச் சரிவில் பெய்யும் மழை சாம்பலையும் மண்ணையும் வாரிக்கொண்டு நேரே ஓடைக்குத்தான் வரும்.

அமெரிக்காவின் கொலராடோவில் 1996 மே மாதம் பஃபலோ க்ரீக் காடு எரிந்தது. ஜூலையில் கொட்டிய இடிமழை வெள்ளத்தில் இருவர் இறந்தார்கள். டென்வர் நகரத்தின் குடிநீர்த் தேக்கத்தில் வண்டல் குவிந்தது. 2002-இல் அதே வட்டாரத்தில் ஹேமன் தீ சுமார் 1,38,000 ஏக்கரை எரித்தது. தூர்வாரவும் சரிவுகளைச் சீர்படுத்தவும் நகரக் குடிநீர் நிர்வாகத்துக்கு 2.5 கோடி டாலருக்கு மேல் செலவானது. மோசமாக எரிந்த சரிவுகளின் ஓடைகளில் 14 ஆண்டுகள் கழித்தும் நைட்ரேட் கூடுதலாகவே இருந்தது. அதை உறிஞ்சிக்கொள்ள மரங்கள் திரும்ப வரவில்லை.

நம் மலைகளில் பெரும்பாலும் புல்லும் சருகும் எரிவதோடு தீ கடந்துபோகும். அங்கே மண் அவ்வளவு சுடாது. பைன், யூகலிப்டஸ் தோப்பு எரிந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

மழைக்கு முன்பே தொட்டியை நிரப்பி மூடிவையுங்கள். முதல் சில மழைகளின்போது ஓடைக் குழாயை அடைத்துவிடுங்கள். கலங்கிய நீரில் குளோரின் போட்டால் கிருமி சரியாகச் சாகாது. கரைந்திருக்கும் கரிமப் பொருளோடு சேர்ந்து வேண்டாத ரசாயனங்களும் உண்டாகும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் நைட்ரேட்டும் உலோகங்களும் போகா. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு ஏறும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நம் நாட்டு வரையறை. பரிசோதனை முடிவு வரும்வரை கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க இந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுக்கலாம்.

சரிவையும் கவனியுங்கள். வனத்துறையிடம் பேசி, செங்குத்தான இடங்களில் வைக்கோல் பரப்பச் சொல்லுங்கள்; மண் அரிப்பை அது நன்றாகவே தடுக்கிறது. புல் வேர்பிடிக்கும்வரை மாடு ஏற விடாதீர்கள்.